அக்கா கடைக்கு முன்னால் ஒரு பள்ளம்

மாநகராட்சிச் சாலைப் பிரிவில் மேற்பார்வையாளருக்கு வைத்திருந்த பெயர் 'பார்க்கலாம்'. யார் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அதுதான். நடைபாதைக் கல் பெயர்ந்து கிடக்கிறது என்று ஒருவர் வந்து நின்றாலும் பார்க்கலாம். வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது என்று மனைவி சொன்னாலும் பார்க்கலாம். அந்தச் சொல்லில் மறுப்பும் கிடையாது, சம்மதமும் கிடையாது. கேட்டவர் ஏதோ நடக்கப்போகிறது என்ற நிம்மதியோடு திரும்பிப் போவார். அப்படி ஏதாவது நடந்துவிட்டால் மேற்பார்வையாளருக்கே ஆச்சரியமாக இருக்கும்.

வேலையில் சேர்ந்த நாள் முதல் அவர் செய்துவந்தது ஒன்றுதான். ரோட்டைத் தோண்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பது. குடிநீர்க்காரர்கள் தோண்டுவார்கள், மூடுவார்கள். ஈரம் காய்வதற்குள் மின்சாரக்காரர்கள் வருவார்கள். அவர்கள் போனதும் டெலிபோன்காரர்கள். மேற்பார்வையாளர் குடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பார். யாரையும் விரட்டியதில்லை, யாரிடமும் திட்டு வாங்கியதும் இல்லை. இத்தனை வருஷத்தில் அவர் மேல் ஒரு புகாரும் கிடையாது. ஒரு பாராட்டும் கிடையாது.

இப்படிப்பட்ட ஒருவரைத்தான் பொறுக்கி எடுத்துக் கூட்டு அமைப்புக்கு அனுப்பினார்கள்.

அந்தக் கூட்டு உண்டான கதை இது. நகரத்தின் நடுவே பழைய கிடங்குகளும், நோட்டுப் புத்தகம் தைக்கும் பட்டறைகளும், சில்லறைக் கடைகளுமாக ஒரு பகுதி இருந்தது. பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. அதைப் 'புத்தாக்க வட்டாரம்' ஆக்குவது என்று முடிவாயிற்று. கிடங்குகளில் மென்பொருள் செய்கிறவர்கள் வந்து உட்காருவார்கள். விளக்குக் கம்பங்கள் காற்றின் தூசியை அளக்கும். குப்பைத் தொட்டி நிரம்பினால் தானே தகவல் அனுப்பும். தெருவில் எங்கே நின்றாலும் இணையம் கிடைக்கும். இதற்கெல்லாம் தரைக்கு அடியில் கேபிள் போக வேண்டும். மாநகராட்சியிடம் ரோடு இருந்தது, பணம் இல்லை. ஒரு தனியார் கம்பெனியிடம் பணம் இருந்தது, ரோடு இல்லை. ஜாதகம் பார்க்காமலே பொருந்திவிட்டது.

தெருமுனையில் பெரிய பலகை வைத்தார்கள். 'ஒரே ஒரு முறை தோண்டுவோம்' என்று அதில் எழுதியிருந்தது. இனி ஆளாளுக்கு வந்து தோண்ட வேண்டியதில்லை, எல்லாக் கம்பியும் ஒரே பள்ளத்தில் போய்விடும் என்பது அதன் பொருள். மேற்பார்வையாளர் அந்தப் பலகைக்குக் கீழே நின்று படித்துப் பார்த்தார். தன் வேலையில் முக்கால்வாசி இனி இருக்காது போலிருக்கிறதே என்று தோன்றியது. வருத்தமா சந்தோஷமா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

கூட்டு அமைப்பில் அவருக்கு இரண்டு அடையாள அட்டைகள் கொடுத்தார்கள். ஒன்று மாநகராட்சியுடையது, நீலக் கயிறு. மற்றது கம்பெனியுடையது, ஆரஞ்சுக் கயிறு. இரண்டையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கும்போது ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போடும். பழைய அலுவலகத்துக்குப் போனால், "வாங்க கம்பெனிக்காரரே" என்றார்கள். புது அலுவலகத்தில், "கவர்மெண்ட் சார் வந்துட்டாரு" என்றார்கள்.

"ரெண்டு அட்டைன்னா ரெண்டு சம்பளமா?" என்று மனைவி கேட்டார்.

"பார்க்கலாம்" என்றார் மேற்பார்வையாளர்.

ஒரே சம்பளம்தான். அதுவும் எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்று தீர்மானமாகக் கொஞ்சம் தாமதமானது.

அந்த வட்டாரத்திலேயேதான் அவருடைய அக்காவின் கடை இருந்தது. ஜன்னலுக்கும் கதவுக்கும் ஸ்க்ரீன் தைக்கும் கடை. அக்கா தைப்பார், மாமா துணி வெட்டுவார். மாமா பேசுவது அபூர்வம். கத்தரிக்கோல் கையில் இருக்கும்போது வாயைத் திறந்தால் கை கோணும் என்பது அவர் கருத்து. அதையும் எப்போதோ ஒருமுறைதான் சொன்னார். அவர் பங்குப் பேச்சையும் சேர்த்து அக்கா பேசிவிடுவார்.

தம்பிக்கு இந்தப் பதவி வந்ததும் அக்கா தெருவில் இருந்த ஒரு கடையையும் விடவில்லை. "இனி நம்ம தெருவுக்கு ஒரு குறையும் வராது. என் தம்பி கையிலதான் எல்லாம்" என்று சொல்லிக்கொண்டே போனார். வாட்ச் ரிப்பேர் கடைக்காரர், பெயிண்ட் கடைக்காரர், போட்டோ ஃபிரேம் போடுகிறவர் எல்லோரும் தலையாட்டினார்கள்.

பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள். இயந்திரம் வந்து தெருவின் ஒரு பக்கத்தைக் கடைவாசல்களை ஒட்டி நீளமாகக் கிழித்துக்கொண்டு போயிற்று. நெஞ்சளவு ஆழம். ஒருவர் தாண்டிக் குதிக்க முடியாத, ஆனால் முடியும் என்று நினைக்க வைக்கும் அகலம். ஒப்பந்தக்காரர் நேர்மையான ஆள். சொன்ன தேதியில் தோண்டி முடித்தார், இயந்திரத்தை லாரியில் ஏற்றினார், போய்விட்டார். தோண்டுவது மட்டும்தான் அவர் வேலை.

அடுத்து கேபிள் வர வேண்டும். வரவில்லை.

மேற்பார்வையாளர் கம்பெனியின் திட்ட மேலாளரைப் போய்ப் பார்த்தார். முப்பது வயதுப் பெண், சுறுசுறுப்பானவர், யாரிடமும் 'சார்' போடாமல் பேசமாட்டார்.

"சார், கேபிள் ரெடியா குடோன்ல இருக்கு. மாநகராட்சி ரோட்டை எங்ககிட்ட ஒப்படைச்சதும் மறுநாளே போட்டுடுவோம். எங்க கைல இல்லாத ரோட்டுல நாங்க ஆளை இறக்கினா இன்ஷூரன்ஸ் ஒத்துக்காது சார்."

அவர் மாநகராட்சிப் பொறியாளரிடம் போனார். பொறியாளர் ஓய்வு பெற அதிக காலம் இல்லாதவர். எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனாவின் மூடியைக் கழற்றி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஒப்படைக்கிறதுக்கு என்னய்யா, தாராளமா ஒப்படைக்கலாம். ஆனா பள்ளத்தோட ஒரு ரோட்டை எப்படிக் குடுக்கிறது? நாளைக்கு எவனாவது விழுந்தா, பள்ளத்தோட குடுத்தது யாருன்னு நம்மளைத்தான் கேப்பான். அவங்க கேபிளைப் போட்டு மூடட்டும். முழு ரோடா ஒப்படைச்சிடுவோம்."

மேற்பார்வையாளர் இரண்டு பேச்சையும் மனதுக்குள் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ரோட்டைக் கொடுத்தால் கேபிள் போடுவார்கள். கேபிள் போட்டால் ரோட்டைக் கொடுப்பார்கள். இரு தரப்பும் நியாயமாகவே பேசினார்கள். இரு தரப்பும் தயாராகவே இருந்தார்கள். பள்ளமும் தயாராகவே இருந்தது.

அக்கா கேட்டபோது, "பேசிக்கிட்டிருக்காங்க. பார்க்கலாம்" என்றார்.

கடைக்காரர்கள் ஆளுக்கொரு பலகை கொண்டுவந்து பள்ளத்தின் குறுக்கே போட்டார்கள். பெயிண்ட் கடைக்காரர் ஒரு பழைய கதவைக் கழற்றிப் போட்டார், தாழ்ப்பாளோடு இருந்தது. மழை பெய்தால் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். மூன்று வாத்துகள் எங்கிருந்தோ வந்து சேர்ந்தன. யாருடையவை என்று யாரும் கேட்கவில்லை. வாத்து விஷயத்தில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு வரவில்லை.

இதற்கிடையே கூட்டு அமைப்பின் கண்ணாடிக் கட்டடத்தில் மேல் மாடியில் இருந்த இளைஞர்கள் நால்வர் ஒரு செயலி செய்தார்கள். எந்தப் பலகையில் கூட்டம் இல்லை, எந்தப் பலகை உறுதியானது என்று போனிலேயே தெரிந்துகொள்ளலாம். உறுதியான பலகைக்குப் பச்சை, ஆட்டம் காண்பதற்குச் சிவப்பு. அந்த வருஷத்தின் சிறந்த கண்டுபிடிப்பு என்று கூட்டு அமைப்பு அதற்கு விருது கொடுத்தது. பொறியாளரும் திட்ட மேலாளரும் சேர்ந்து கேடயத்தைக் கொடுக்க, மேற்பார்வையாளர் பக்கத்தில் பூங்கொத்தோடு நின்றார். "அந்தப் பள்ளம் மட்டும் இல்லைன்னா எங்களுக்கு இந்த யோசனையே வந்திருக்காது" என்று அந்த இளைஞர்களில் ஒருவன் தழுதழுத்தான். எல்லோரும் கைதட்டினார்கள். மேற்பார்வையாளரும் பூங்கொத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார்.

மாமா விழுந்தது அடுத்த வாரம்.

தோளில் ஒரு துணி உருளையைச் சுமந்துகொண்டு தன் கடைப் பலகையைத் தாண்டியிருக்கிறார். பலகை நடுவில் முறிந்தது. பிறகு பார்த்தபோது அந்தப் பலகை செயலியில் பச்சையாகத்தான் இருந்தது. துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே விழுந்திருக்கிறார். வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது.

மேற்பார்வையாளர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மாமா மாவுக்கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மைத்துனனைப் பார்த்ததும், "பரவால்ல" என்றார். அவ்வளவுதான். மேற்பார்வையாளருக்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வெளியே வராந்தாவில் அக்கா நின்றிருந்தார். அவர் கத்தவில்லை. அதுவே வழக்கமில்லாத விஷயம்.

"நீ அந்தப் பக்கமும் இல்ல, இந்தப் பக்கமும் இல்ல. ரெண்டுங்கெட்டான். உன்னை நம்பித் தெரு பூரா சொல்லிவச்சேன் பாரு, என்னைச் சொல்லணும். இன்னியோட நமக்குள்ள பேச்சு முடிஞ்சுது."

"அக்கா, நான் என்ன பண்ண முடியும்? நான் வெறும்..."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று இரவு மேற்பார்வையாளர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை அக்கா கண்ணாடிக் கட்டடத்துக்குச் சண்டை போட வந்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வழியெல்லாம் கேள்விகளைத் தயார் செய்துகொண்டு வந்தவரை வாசலிலேயே வரவேற்புப் பெண் நிறுத்தினாள்.

"யாரைப் பார்க்கணும்மா?"

"பள்ளம் தோண்டினவங்களை."

பெண் கணினியில் தேடினாள். பள்ளம் என்று ஒரு பிரிவு அதில் இல்லை. "நீங்க இந்த வட்டாரத்துல தொழில் பண்றவங்களா?"

"பண்ணிக்கிட்டிருந்தேன்."

"என்ன தொழில்மா?"

"ஸ்க்ரீன்."

பெண்ணின் முகம் மலர்ந்தது. "ஸ்க்ரீனா? எந்த சைஸ் எல்லாம் பண்றீங்க?"

"எந்த சைஸ் கேட்டாலும் பண்ணுவேன். ஜன்னல் சைஸ், வாசல் சைஸ். ஒரு ஹால் முழுசுக்கும் ஒரே ஸ்க்ரீனா பண்ணிக் குடுத்திருக்கேன்."

இவ்வளவு பெரிய ஸ்க்ரீன் செய்கிற ஒரு பெண்மணி இந்த வட்டாரத்திலேயே இருப்பது யாருக்கும் தெரியாமல் போயிற்றே என்று வரவேற்புப் பெண் வியந்தாள். மாநகராட்சியும் கம்பெனியும் செய்துகொண்ட ஏற்பாட்டில், உள்ளூரில் தொழில் செய்கிறவர்களுக்குக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இலவசமாக இடம் தர வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. திறந்த நாளிலிருந்து ஒருவர்கூட வந்து கேட்டதில்லை. பெண் உடனே ஒரு புகைப்படம் எடுத்து, ஓர் அட்டை அச்சடித்து, பச்சைக் கயிறு கோத்து அக்காவின் கழுத்தில் மாட்டினாள். "உங்களுக்கு ஜன்னல் ஓர இடம் வேணுமா, பிளக் பக்கத்துல வேணுமா?"

சண்டைக்கு வந்த இடத்தில் சண்டையைத் தவிர எல்லாம் கிடைத்தது. அக்கா ஒரு நிமிஷம் யோசித்தார். "பிளக் பக்கத்துல" என்றார்.

மறுநாள் நான்கு பேர் மோட்டார் வைத்த தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு பெயிண்ட் கடைக் கதவு வழியாகப் பள்ளத்தைத் தாண்டி வந்து சேர்ந்தார்கள். கூடவே இஸ்திரிப் பெட்டி, துணி உருளைகள், மாமாவின் வெட்டு மேஜை. வரவேற்புப் பெண் வாயைப் பிளந்தாள். ஆனால் அட்டை கொடுத்தாயிற்று. அட்டையில் 'ஸ்க்ரீன் தொழில்நுட்பம்' என்று போட்டிருந்தது. அதில் தவறு என்று சொல்லவும் எதுவும் இல்லை.

கீழ்த்தளத்தில்தான் மேற்பார்வையாளரின் மேஜையும் இருந்தது. அக்கா அதற்கு நேர் எதிரே மிஷினைப் போட்டு உட்கார்ந்தார். தலையை நிமிர்த்தினால் தம்பி முகம். ஆனால் தலையை நிமிர்த்த மாட்டார். எதுவும் சொல்ல வேண்டியிருந்தால் வரவேற்புப் பெண் வழியாகத்தான்.

"அந்தக் கவர்மெண்ட் சார்கிட்ட சொல்லும்மா, நூலை மிதிச்சுக்கிட்டு நிக்கிறாருன்னு."

இரண்டடி தள்ளி நின்ற மேற்பார்வையாளர் காலை எடுத்துக்கொண்டார். "எடுத்துட்டேன்னு சொல்லும்மா" என்றார். பெண் இரண்டு பக்கமும் சொன்னாள். நல்ல பெண். அவளுடைய நியமன உத்தரவில் இதெல்லாம் இருந்திருக்காது.

மிஷின் சத்தம் கட்டடம் முழுவதும் ஏறியது. கண்ணாடிச் சுவர், எல்லாம் எதிரொலித்தது. வெளிநாட்டுக்காரர்களோடு திரை வழியாகக் கூட்டம் நடக்கும்போது, முக்கியமான இடம் வரும் சமயத்தில் கீழே நீளமான தையல் ஒன்று ஓடும். அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் ஏதோ இயந்திரம் பழுதாகிவிட்டதா என்று கேட்பார்கள். திட்ட மேலாளர் கீழே இறங்கி வந்து பணிவாகப் பேசினார்.

"மேடம், உங்களுக்குக் கடை இருக்கில்லையா? அங்கேயே உங்களுக்கு வசதியா இருக்குமே."

"இருக்கும். ஆனா துணி வாங்க வர்றவங்க பள்ளத்துல நீந்தியா வருவாங்க?"

மேலாளர் மேலே போய்ப் பொறியாளருக்குப் போன் செய்தார். "சார், ரோட்டை ஒப்படைச்சிடுங்க சார்." பொறியாளர், "கேபிளைப் போட்டுடுங்கம்மா" என்றார். இருவரும் நன்றி சொல்லிப் போனை வைத்தார்கள். கீழே தையல் ஓடியது.

இதையெல்லாம் மேற்பார்வையாளர் தன் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கை முழுவதும் மற்றவர் வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றவருக்கு இப்போதுதான் பார்ப்பது கஷ்டமாக இருந்தது. அக்கா குனிந்து ஊசியில் நூல் கோக்கும்போது கண்ணைச் சுருக்குவார். அவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று இவருக்குத் தெரிந்தது. சொல்ல முடியவில்லை. வரவேற்புப் பெண்ணிடம் சொல்லி அனுப்பலாம் என்றால், அது என்னவோ சரியாகப் படவில்லை.

வீட்டில் ஒருநாள் மனைவி சொன்னார்: "அண்ணி இன்னிக்கு எனக்குப் போன் பண்ணாங்க. ரொம்ப நேரம் பேசினாங்க. உங்களைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. திட்டவும் இல்ல. எனக்கு அதுதாங்க பயமா இருக்கு."

மேற்பார்வையாளர் வாயைத் திறந்தார். வழக்கமான சொல் வரவில்லை. மூடிக்கொண்டார்.

மறுநாள் அவர் பொறியாளரிடம் போனார். "சார், ரோட்டை ஒப்படைக்கிறதுன்னா மாநகராட்சி சார்பா யார் கையெழுத்துப் போடணும்?"

"தளத்துல இருக்கற நம்ம ஆளு. ஏன்?"

"அது நான்தானே சார்."

"ஆமா, நீர்தான். ஆனா அவங்க ஆள் வந்து வாங்கிக்கணுமே."

திட்ட மேலாளரிடம் போனார். "மேடம், ரோட்டை வாங்கிக்கிறதுன்னா கம்பெனி சார்பா யாரு?"

"தளத்துல இருக்கற எங்க பிரதிநிதி சார். அதாவது... நீங்கதான் சார். ஆனா கொடுக்கிறதுக்கு மாநகராட்சி ஆள் வரணுமில்லையா?"

"ஆமா மேடம்" என்று சொல்லிவிட்டு மேற்பார்வையாளர் வெளியே வந்தார்.

உடனே எதுவும் செய்துவிடவில்லை. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. இரண்டு நாள் யோசித்தார். வேலை போகுமா என்று யோசித்தார். போகாது, ஆனால் வேறு எங்காவது தூக்கிப் போடுவார்கள் என்று தோன்றியது. சரி, போடட்டும் என்று நினைத்த கணத்தில் அவருக்கு லேசாக வியர்த்தது.

ஒரு புதன்கிழமை காலை பள்ளத்தின் ஓரத்துக்குப் போனார். ஆரஞ்சுக் கயிற்றைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். நீலக் கயிறு மட்டும் தொங்க, மாநகராட்சி சார்பில் பள்ளத்தோடு கூடிய ரோட்டை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு நீலத்தைக் கழற்றி ஆரஞ்சை மாட்டிக்கொண்டு, பள்ளத்தின் மறுபக்கம் போய், கம்பெனி சார்பில் ரோட்டைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டார். மறுபக்கம் போக வேண்டிய அவசியம் இல்லைதான். எதுவும் முறைப்படி நடக்க வேண்டும் என்று நினைத்தார். மூடிய கடையின் படியில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த மாமா மட்டும் இதைப் பார்த்தார்.

"என்னப்பா பண்ற?"

"ரோட்டைக் குடுத்துட்டு வாங்கிக்கிட்டேன் மாமா."

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி" என்றார்.

ஒப்படைப்பு நடந்தால் புகைப்படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது கூட்டு அமைப்பின் நடைமுறை. அதையும் போனில் எடுத்து அனுப்பினார். இரு தரப்பும் கைகுலுக்கும் படம் மட்டும் எடுக்க முடியவில்லை.

கம்பெனியில் இந்த மாதிரி விஷயங்கள் தானாக நகரும்படி அமைத்திருந்தார்கள். ரோடு கைக்கு வந்துவிட்டது என்று பதிவானதும் குடோனுக்குத் தகவல் போயிற்று. மறுநாள் விடிந்ததும் கேபிள் வண்டி வந்து நின்றது. ஆரஞ்சு நிறக் குழாய்களைப் பள்ளத்தில் இறக்கினார்கள். வாத்துகள் எழுந்து வேறு இடம் பார்த்துப் போயின. விஷயம் மேலே எட்டுவதற்குள் பாதித் தெரு மண் போட்டு மூடியாகிவிட்டது. மூடியதைத் திரும்பத் தோண்டலாமா என்று யாரோ கேட்டார்களாம். தெருமுனையில் 'ஒரே ஒரு முறை தோண்டுவோம்' பலகை இருந்தது; அதனால் விட்டுவிட்டார்கள்.

பொறியாளர் பேனா மூடியைக் கழற்றாமலே கத்தினார். "நம்ம ரோட்டைத் தூக்கி அவங்க கைல குடுத்துட்டு வந்திருக்கீரே, உம்ம அப்பன் வீட்டு ரோடா?"

திட்ட மேலாளருக்கும் கோபம். "பள்ளத்தோட ரோட்டை எங்க தலையில கட்டிட்டீங்களே சார். உங்களை எங்க ஆளுன்னு நம்பினோம்."

மேற்பார்வையாளர் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி நின்றார். "நான் உங்க ஆள்தான்" என்றார் இரண்டு இடத்திலும். பொய் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அந்த வாரமே பொறியாளரும் மேலாளரும் நேரில் சந்தித்தார்கள். டீ வந்தது, ஆறுவதற்குள் பேச்சு முடிந்தது. மேற்பார்வையாளரை அங்கிருந்து அனுப்பிவிடுவது என்று தீர்மானித்தார்கள். கூட்டு அமைப்பு தொடங்கியதிலிருந்து இரு தரப்பும் ஒருமனதாக எடுத்த முதல் முடிவு அதுதான்.

கடைசி நாள் பிற்பகலில் மேற்பார்வையாளர் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார். குடை, சாப்பாட்டு டப்பா, ஒரு ஜோடி பழைய செருப்பு. எதிரே மிஷின் ஓடவில்லை. அக்கா ஜன்னல் அருகே ஸ்டூல் மேல் ஏறி நின்று நாடாவால் அளந்துகொண்டிருந்தார். கட்டடம் முழுக்கக் கண்ணாடி. மாலை வெயில் நேராக உள்ளே வந்து கணினிகளின் மேல் விழும். மேலே இருந்த நால்வரும் குடை பிடித்துக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள். மேலாளரே வந்து எல்லா ஜன்னலுக்கும் ஸ்க்ரீன் தைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார். அளவெடுக்க எப்போதும் மாமா ஒரு பக்கம் பிடிப்பார். மாமாவுக்கு இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை. வரவேற்புப் பெண் அன்று லீவு.

நாடா ஒரு பக்கம் நழுவி நழுவி விழுந்தது. மூன்றாவது தடவை விழுந்ததும் அக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"இந்த நுனியைப் புடி."

மேற்பார்வையாளர் குடையைக் கீழே போட்டுவிட்டுப் போய்ப் பிடித்தார்.

"இழுத்துப் புடிடா. தொளதொளன்னு புடிச்சா அளவு என்னத்துக்கு ஆகும்?"

இழுத்துப் பிடித்தார். ஒரு ஜன்னல் முடிந்து அடுத்த ஜன்னலுக்கு ஸ்டூலை நகர்த்தினார்கள். அதற்கும் அடுத்தது. நாலாவது ஜன்னலில் அக்கா கேட்டார்.

"எங்க போட்டிருக்காங்க உன்னை?"

"நீச்சல் குளம்."

"அங்க என்ன தோண்டப்போறே?"

"ஏற்கெனவே தோண்டியாச்சுக்கா. பார்த்துக்கிட்டா போதும்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டூல் ஆடியது. மேற்பார்வையாளர் நாடாவை விட்டுவிட்டு ஸ்டூலைப் பிடித்தார், அளவு போயிற்று, அதற்கு வேறு திட்டு வாங்கினார். பல வாரங்களுக்குப் பிறகு அக்காவிடம் கிடைத்த முதல் திட்டு. முழுவதையும் நின்று வாங்கிக்கொண்டார். கடைசியில், "கண்ணாடியை மாத்துக்கா, ஊசி கோக்க எவ்வளவு கஷ்டப்படுறே" என்றார். "உன் வேலையைப் பாரு" என்றார் அக்கா. அடுத்த வாரம் மாற்றிக்கொண்டார்.

தெரு சமமாகிவிட்டது. மாமாவின் மணிக்கட்டு கூடியது. குளிர்காலத்தில் மட்டும் கொஞ்சம் மக்கர் செய்யும். அவர் கடையைத் திறந்து பழையபடி வெட்ட ஆரம்பித்தார். ஆனால் அக்கா கடைக்குத் திரும்பவில்லை. "இங்க வெளிச்சம் நல்லா இருக்கு. டீ சும்மா குடுக்கிறாங்க. அந்தப் பொண்ணும் பேச்சுத்துணைக்கு ஆச்சு" என்று சொல்லிவிட்டார். எந்தக் கடைக்கு வழி விட வேண்டும் என்று இவ்வளவும் நடந்ததோ அந்தக் கடைக்கு அவர் ஞாயிற்றுக்கிழமைதான் போகிறார். மாமா வெட்டிய துணியைத் தோளில் போட்டுக்கொண்டு புது ரோட்டைக் கடந்து வந்து கொடுத்துவிட்டுப் போவார். கடையில் தனியாக இருப்பது மாமாவுக்கும் பிடித்திருந்தது என்று ஒரு பேச்சு. அவர் வாயைத் திறந்து சொல்லாததால் உறுதியாகத் தெரியாது.

மேற்பார்வையாளர் நீச்சல் குளத்துக்குப் போனார். நகரத்தின் மறுகோடியில், மரங்களுக்கு நடுவே, நீல ஓடு பதித்த பழைய குளம். தண்ணீரில் மருந்து போட வேண்டும், இலைகளை அள்ள வேண்டும், கூச்சல் போடும் பிள்ளைகளை அதட்டுவதுபோல் பார்க்க வேண்டும். தண்டனை என்று அனுப்பினார்கள். சேர்ந்த மூன்றாவது நாளே இடமாற்றம் கேட்க வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டார்.

கொஞ்ச நாள் கழித்து அவர் மனைவி நீச்சல் பழகப்போவதாகச் சொன்னார். ஐம்பது வயதுக்கு மேல் என்ன நீச்சல் என்று கேட்க நினைத்து மேற்பார்வையாளர் கேட்கவில்லை. மனைவி தனியாகப் போகக் கூச்சப்பட்டு நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு வந்தார். சனிக்கிழமை காலை பெண்களுக்கான நேரம். அப்போது மேற்பார்வையாளரும் உள்ளே இருக்கக்கூடாது. கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். உள்ளே ஆழமில்லாத பக்கத்தில் இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை அடிக்கும் சத்தம் கேட்கும்.

"அண்ணி, கம்பியை விட்டுப் பாருங்களேன்."

"நீ விடு, நான் பார்க்கறேன்."

"ஐயோ, நான் மாட்டேம்பா."

அப்புறம் ஏதோ ஒரு பெரிய தண்ணீர்ச் சத்தம். யார் விட்டது என்று தெரியவில்லை. மேற்பார்வையாளர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். உள்ளே இருவரும் சிரிக்கிற சத்தம் கேட்டதும் உட்கார்ந்துகொண்டார்.